வருஷக்கணக்கில் கிடந்த புல்லட்டை எழுப்பும்போது செய்யும் தவறுகள்

மாமா வீட்டு மாட்டுக் கொட்டகையில் 19 வருஷம் கிடந்த 350 புல்லட்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளியே இழுத்தோம். தூசி தட்டக்கூட இல்லை, மச்சான் கிக்கர் மேல் ஏறி நின்று முழு எடையையும் இறக்கினான். உள்ளே டக்கென்று ஒரு சத்தம். கிக்கர் கீழே போய்த் தொங்கியது, திரும்பி வரவில்லை. எலியும் ஈரமும் 19 வருஷமாகக் கெடுக்காத ராட்செட் பல்லை (கிக்கரின் மிதியை எஞ்சினுக்குக் கடத்தும் பல்) நாங்கள் ஒரே மிதியில் உடைத்துவிட்டோம்.

அதற்குப் பிறகு நண்பர்களுடைய வண்டிகள் சிலவற்றை எழுப்பியிருக்கிறேன். கிடந்த காலத்தில் கெட்டதைவிட, "ஸ்டார்ட் ஆகுதா பார்ப்போம்" என்று இறங்கிய முதல் மணி நேரத்தில் கெட்டதுதான் அதிகம். இங்கே சொல்வதெல்லாம் திருவொற்றியூரில் செய்த பழைய இரும்பு பாரல் (சிலிண்டர்) புல்லட்டை வைத்து: 346 சிசி, 70 மி.மீ. போர் (பாரலின் உள்விட்டம்), 90 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), வலது கால் கியர், பாயிண்ட் இக்னிஷன் (திறந்து மூடும் சின்னத் தொடுமுனை வழியாக ஸ்பார்க்). 1955-ல் இங்கிலாந்துக் கம்பெனியோடு சேர்ந்து மெட்ராஸில் தொடங்கிய இந்த வண்டியின் எஞ்சின் அடிப்படை பல பத்தாண்டுகள் பெரிதாக மாறவில்லை. அதனால் 1965 வண்டிக்குச் சொல்வது 1995 வண்டிக்கும் ஏறக்குறைய பொருந்தும். பழைய எஸ்டி, ராஜ்தூத் (இரண்டும் டூ ஸ்ட்ரோக்) வைத்திருப்பவர்கள் ஆயில், டேப்பெட் (வால்வு இடைவெளி) பற்றிய பகுதியை மட்டும் தாண்டிவிடலாம்.

முதல் தவறு அந்தக் கிக்கர்தான். வருஷக்கணக்கில் நின்ற எஞ்சினில் பிஸ்டன் ரிங்கும் பாரலும் துருவால் ஒட்டியிருக்கலாம். பிளக்கைக் கழற்றி, டீசலும் எஞ்சின் ஆயிலும் கலந்து இரண்டு மூடி உள்ளே ஊற்றி, இரண்டு மூன்று நாள் சும்மா விடுங்கள். குறைந்திருந்தால் இன்னும் கொஞ்சம் ஊற்றலாம். அப்புறம் டாப் கியரில் போட்டு வண்டியை மெதுவாக முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். அசைந்தால் கைக்கே தெரியும். அசையவில்லை என்றால் இன்னும் இரண்டு நாள் பொறுங்கள், அதற்கும் மசியாவிட்டால் ஹெட்டைக் கழற்றுங்கள். பிளக் ஓட்டை வழியாகக் கம்பியை விட்டு பிஸ்டனைச் சுத்தியலால் தட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அலுமினியப் பிஸ்டனில் ஓட்டை போட அதைவிட நல்ல வழி கிடையாது. பிஸ்டன் விட்டுக்கொடுத்த பிறகும் பிளக்கை மாட்டாமல், ஓட்டை மேல் துணியைப் போட்டுப் பத்து முறை கிக்கரை அழுத்துங்கள். துணி இல்லையென்றால் ஊற்றிய டீசல் முகத்துக்கு வரும்.

அடுத்தது புல்லட்டுக்கே உரிய கதை. மாமா வண்டி கடைசியில் ஒருவழியாக ஸ்டார்ட் ஆனதும் சைலன்சரிலிருந்து கொசு மருந்து வண்டி மாதிரி வெள்ளைப் புகை. பக்கத்தில் நின்ற மெக்கானிக் ஒருவர் பார்த்த உடனே சொன்னார்: "ரிங் போயிடுச்சு தம்பி, போர் பண்ணணும்." அதாவது பாரலின் உள்சுவரை மறுபடி கடைய வேண்டும். நல்ல வேளை, அன்று கையில் காசு இல்லை.

நடந்தது வேறு. இந்த எஞ்சினில் ஆயில் டேங்க் தனியாக வெளியே இல்லை, கிராங்க் கேசின் பின்பகுதியிலேயே ஓர் அறையாக வார்த்திருக்கிறார்கள். ஓடும்போது பம்ப் அங்கிருந்து ஆயிலை எடுத்துக் கிராங்குக்குக் கொடுத்து, கீழே விழுவதை மறுபடி டேங்குக்கே அனுப்பும். வண்டி நின்றால் பம்ப் வழியாக ஆயில் சொட்டுச் சொட்டாகக் கசிந்து கிராங்க் இருக்கும் அறைக்கு இறங்கிவிடும். மாதக்கணக்கு என்றாலே இறங்கும், 19 வருஷம் என்றால் கேட்கவே வேண்டாம். ஆயில் குச்சியை எடுத்துப் பார்த்தால் காய்ந்திருக்கும். உடனே நம் ஆட்கள் மேலே இன்னொரு லிட்டரை ஊற்றுவார்கள். இப்போது அளவுக்கு மேல் ஆயில், கிராங்க் அதிலேயே நீச்சல் அடிக்கும். ரிங்கைத் தாண்டி மேலே ஏறி எரியும், எங்கே வழி கிடைக்கிறதோ அங்கே சீலைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும்.

எஞ்சினுக்கு அடியில் டேங்குக்கு ஒன்று, கிராங்க் அறைக்கு ஒன்று என்று டிரெயின் பிளக்குகள் இருக்கும். இரண்டையும் திறந்து பழசை முழுக்க வடித்து, ஃபில்டரை மாற்றி, புது 20 டபிள்யூ 50 ஆயிலை அளவு குச்சி சொல்கிறபடி ஊற்றுங்கள். வடிக்க இரண்டே இரண்டு பிளக், பத்து நிமிஷ வேலை. மாமா வண்டியில் அதைச் செய்ததும் அரை மணி நேரத்தில் புகை அடங்கிவிட்டது. அந்தப் பாரலை இன்றுவரை போர் பண்ணவில்லை. ஸ்டார்ட் ஆன பிறகு ராக்கருக்குப் போகும் சின்னக் குழாயின் மேல் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள். ஆயில் கசிந்தால் பம்ப் வேலை செய்கிறது. ஒரு நிமிஷம் ஆகியும் வரவில்லையென்றால் எஞ்சினை நிறுத்திவிடுங்கள். பழைய நாலு கியர் பெட்டிக்கு ஆயில் ஊற்றாதீர்கள், ஒழுகிக்கொண்டே இருக்கும். அதற்குக் கூழ் பதத்தில் இருக்கும் கிரீஸ்தான்.

டேங்க் மூடியைத் திறந்ததும் வார்னிஷ் வாடை அடித்தால் உள்ளே இருப்பது பெட்ரோல் என்று நினைக்காதீர்கள். அதன் மேலேயே புது பெட்ரோல் ஊற்றுவது பழைய சாம்பாரில் புதுப் பருப்பைக் கலக்கிற மாதிரி. முழுக்க வடித்துக் கழுவுங்கள். துரு எடுக்க நட்டுகளைப் போட்டுக் குலுக்குவது நல்ல பழக்கம்தான், ஆனால் போட்டதை எண்ணி வையுங்கள். நான் 30 போட்டு 29 எடுத்தேன். அந்த ஒன்று இன்றும் ஸ்பீட் பிரேக்கர் ஏறும்போதெல்லாம் பேசுகிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் விளையாட்டே வேண்டாம். ஓட்டை விழுந்த டேங்கை அப்படியே தூக்கிக்கொண்டு வெல்டிங் பட்டறைக்குப் போகாதீர்கள். காலி டேங்க்தான் ஆபத்து, உள்ளே நிற்கும் பெட்ரோல் ஆவி காற்றோடு கலந்து வெடிக்கும். ஒரு முறை கழுவிவிட்டோம் என்பது போதாது. இந்த வேலையைப் பழகிய கை உள்ள ஆளிடம்தான் கொடுக்க வேண்டும்.

கார்புரேட்டரில் எல்லோரும் செய்வது ஜெட்டை, அதாவது பெட்ரோல் அளவாகப் போகும் சின்னப் பித்தளைத் துளையை, குத்துவது. ஓட்டையில் ஊசியையோ இரும்புக் கம்பியையோ விட்டால் பித்தளை தேய்ந்து அளவு மாறிவிடும். வண்டி ஸ்டார்ட் ஆகும், பெட்ரோலும் குடிக்கும், ஏன் என்று கடைசிவரை புரியாது. கிளீனர் ஸ்ப்ரேயில் ஊற வைத்து, காற்று அடித்து, அப்படியும் வரவில்லையென்றால் ஒயரிலிருந்து உரித்த ஒற்றைச் செப்பு இழையால் தள்ளுங்கள். ஃப்ளோட்டையும் ரப்பர்களையும் முதலிலேயே கழற்றி வைத்துவிட வேண்டும். பழைய ரப்பர் குழாய்களை மொத்தமாக மாற்றிவிடுங்கள். இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால், அந்தக் கால ரப்பர் அதற்காகச் செய்ததல்ல. அப்புறம் சைலன்சர் வாயையும் ஏர் ஃபில்டர் டப்பாவையும் டார்ச் அடித்துப் பாருங்கள். எங்களுக்கு ஒன்றில் குளவிக்கூடு, இன்னொன்றில் எலி கடித்துச் சேர்த்த சாக்குத் துணி.

ஸ்பார்க் வரவில்லை என்றதும் காயில், கன்டென்சர், பிளக் எல்லாம் புதிதாக வாங்கி வருவது அடுத்த வழக்கம். பெரும்பாலும் பாயிண்ட் முகத்தில் படிந்த படலம்தான் காரணம். நைஸ் எமரித் தாளால் லேசாக இழுத்து, பழைய விசிட்டிங் கார்டு ஒன்றை இடையில் விட்டுத் துடைத்து, இடைவெளியை 0.35 முதல் 0.40 மி.மீ.க்குள் வையுங்கள். சோதிக்கும்போது பிளக்கை அதன் ஓட்டைக்குப் பக்கத்திலேயே பிடிக்காதீர்கள், உள்ளிருந்து வரும் ஆவி பற்றிக்கொள்ளும். சாவியை ஆன் செய்துவிட்டு டீ குடிக்கவும் போகாதீர்கள். பாயிண்ட் மூடிய நிலையில் நின்றிருந்தால் காயில் சூடாகிப் போய்விடும். 6 வோல்ட் வண்டியில் 12 வோல்ட் பேட்டரியை மாட்டிய வீரர்களும் உண்டு. டேப்பெட்டுக்கு ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் தகடு) தேடவே வேண்டாம். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வால்வைத் தள்ளும் புஷ் ராடு விரலால் தடையில்லாமல் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. அவ்வளவுதான்.

கிக் அடிக்கும் முன் ஆம்ப் மீட்டரைப் பாருங்கள். கிக்கரை மெதுவாக அழுத்திக்கொண்டே வந்தால் முள் நடுவுக்கு வரும் இடம் ஒன்று இருக்கும். அங்கே டீகம்ப்ரஷன் லிவரை (சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தத்தை வெளியே விடுவது) பிடித்து இன்னும் இரண்டு விரல்கடை இறக்கி, லிவரை விட்டு, கிக்கரை மேலே வர விட்டு, தயங்காமல் முழுதாக ஒரே மிதி. அரைகுறையாக மிதித்தால் எஞ்சின் திருப்பி உதைக்கும். செருப்போடு நின்று கணுக்காலை வீங்க வைத்துக்கொண்டவன் நான், ஷூ போட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்டார்ட் ஆன சந்தோஷத்தில் உடனே கியர் போடுவதுதான் அடுத்த விபத்து. கிளட்ச் பிளேட்டுகள் ஒட்டிப்போயிருக்கும். லிவரைப் பிடித்திருந்தும் வண்டி பாய்ந்து, மாமா வீட்டுத் துளசி மாடத்தில் போய் நின்றது. அத்தை இரண்டு நாள் பேசவில்லை. எஞ்சின் ஓடாதபோதே கிளட்சைப் பிடித்துக்கொண்டு கிக்கரை மிதித்துப் பாருங்கள். எஞ்சின் சுற்றாமல் கிக்கர் மட்டும் லேசாக இறங்கினால் பிளேட் பிரிந்திருக்கிறது.

தெருவுக்குப் போகும் முன் இரண்டு பிரேக் டிரம்மையும் திறந்தாக வேண்டும். லைனிங்கின் பசை காய்ந்திருந்தால் முதல் அழுத்தத்திலேயே கழன்று வரும். உள்ளே இருக்கும் தூசியைக் கம்ப்ரசரால் ஊதாதீர்கள், பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். ஈரத்துணியால் துடைத்துத் துணியையும் தூக்கிப் போடுங்கள். டயரில் பட்டன் நன்றாக இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம். பக்கச் சுவரில் கடைசி நாலு இலக்கம் 2306 என்றிருந்தால் அது 2006-ம் வருஷம் 23-வது வாரத்தில் செய்தது. மூன்றே இலக்கம் இருந்தால் 2000-க்கு முந்தையது, பேச்சே இல்லை.

பெயின்ட்டை முதலில் அடிப்பவர்களிடம் எனக்கு வருத்தம் உண்டு. எஞ்சின் வேலையில் ஸ்பேனர் படும், பெட்ரோல் சிந்தும், இரண்டாவது முறையும் அடிக்க வேண்டி வரும். அதைவிட, டேங்கில் இருக்கும் தங்கக் கோடு திருவொற்றியூரில் ஒருவர் தூரிகை பிடித்துக் கையால் இழுத்தது. கொஞ்சம் மங்கியிருந்தாலும் அதை உரித்துவிட்டு ஸ்டிக்கர் ஒட்ட எப்படித்தான் மனசு வருகிறதோ. கழற்றிய பழைய பாகங்களையும் காயலான் கடைக்குப் போடாதீர்கள். சென்னை புதுப்பேட்டையிலும் ஜிபி ரோட்டிலும் கிடைக்கும் சில புது பாகங்கள் பொருந்தாதபோது, பழசைத்தான் கழுவி மாட்டுவீர்கள்.

இன்னொருவர் வண்டியை வாங்கி எழுப்பப் போகிறீர்கள் என்றால் இதையெல்லாம் தொடும் முன் ஆர்.சி. புத்தகத்தோடு எஞ்சின் நம்பரையும் சேஸ் நம்பரையும் ஒப்பிடுங்கள். பதிவு 15 வருஷத்துக்குத்தான், அதன் பிறகு சோதனைக்குக் காட்டி 5 வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். 50 வயது தாண்டிய வண்டியை 2021 விதிப்படி விண்டேஜாகவும் பதியலாம், ஆனால் அப்படிப் பதிந்த வண்டியில் தினமும் ஆபீஸ் போக முடியாது.

முதல் 100 கிலோமீட்டர் 50-க்கு மேல் முடுக்காமல் ஓட்டிவிட்டு ஆயிலை மறுபடி வடியுங்கள். மாமா வண்டியில் கருப்பட்டிப் பாகு மாதிரி வந்தது. அடுத்த 500-ல் வடித்தபோது குச்சியின் கோடு ஆயிலுக்குள்ளேயே தெரிந்தது.