வீட்டிலிருந்து வேலை செய்வோரின் பாதுகாப்பு: பிரிட்டனில் முதலாளி செய்ய வேண்டியவை

பிரிட்டனின் 1974-ஆம் ஆண்டுப் பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, ஊழியர் அலுவலகத்தில் இருந்தாலும் தம் வீட்டில் இருந்தாலும், அவருடைய பாதுகாப்புக்கான பொறுப்பு முதலாளியுடையதே. ஆகவே இடர் மதிப்பீட்டிலிருந்து, அதாவது வேலையில் எவை தீங்கு விளைவிக்கலாம் என்று ஆராய்வதிலிருந்து, தொடங்குங்கள். ஐந்து பேரோ அதற்கு மேலோ பணியில் இருந்தால், அதன் முக்கிய முடிவுகளை எழுத்தில் பதிந்து வைப்பது கட்டாயம்.

நாள்தோறும் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ தொடர்ந்து கணினித் திரையைப் பார்த்து வேலை செய்பவர்களுக்கு திரைக் கருவிகளில் வேலை செய்வது பற்றிய 1992-ஆம் ஆண்டின் விதிகள் பொருந்தும். இவர்களுடைய நாற்காலி, மேசை, திரையின் உயரம், வெளிச்சம் ஆகியவற்றை மதிப்பிட வேண்டும். இதற்காக ஒவ்வொரு வீட்டுக்கும் நேரில் செல்லத் தேவையில்லை. உரிய பயிற்சி அளித்துவிட்டு, ஊழியரே நிரப்பும் படிவத்தைப் பெறலாம். ஆனால் படிவத்தை வாங்கி அடுக்கி வைப்பதோடு கடமை முடிவதில்லை. கழுத்துவலி என்று ஒருவர் எழுதியிருந்தால், அவரை அழைத்துப் பேசி, தேவையான சாதனத்தை அவரிடம் பணம் வாங்காமல் வழங்க வேண்டும். இவர்கள் கேட்டால், கண் பரிசோதனைச் செலவையும் முதலாளியே ஏற்க வேண்டும்.

நீங்கள் கொடுத்த மின்சாதனங்கள் பழுதின்றி இருப்பதை உறுதிசெய்யுங்கள். தனிமையும் மன அழுத்தமும் கண்ணுக்குத் தெரியாதவை என்பதால், நேரடி மேலாளர் ஒவ்வொருவரிடமும் தவறாமல் பேசும் ஏற்பாட்டை, என் கருத்தில், வேறெதற்காகவும் ஒத்திவைக்கக் கூடாது.