தவாங்குக்குத் தனியாகப் போகிறீர்களா?

அருணாசலப் பிரதேசத்து மலையூரான தவாங் போகப்போகிறேன் என்று சொன்னால், ஏற்கெனவே போய் வந்தவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "பும்லா போவீங்கதானே?" சீன எல்லையில், 15,200 அடி உயரக் கணவாயில் நின்று ஒரு போட்டோ. பலருக்குத் தவாங் என்றால் அவ்வளவுதான். தனியாளுக்கு இந்தக் கணக்கு சரிப்படாது. பும்லாவுக்கு வண்டியை முழுசாக வாடகைக்கு எடுக்க வேண்டும். ஊருக்குள்ளும் அக்கம்பக்கத்திலும் இருப்பதையோ நடந்தே பார்க்கலாம். அதனால் முதலில் ஊர். ஆள் சேர்ந்தால் பும்லா. ஐம்பதைத் தாண்டிய வயது, அரைகுறை இந்தி, கூட வர யாருக்கும் லீவு கிடைக்கவில்லை. அந்த நிலையில் கிளம்பிப் போய் வந்தவள் சொல்கிறேன்.

போகிறதற்கு முன்னால் காகித வேலை. அருணாசலப் பிரதேசத்துக்குள் நுழைய நமக்கும் இன்னர் லைன் பெர்மிட் வேண்டும். 1873இல் வெள்ளைக்காரர்கள் போட்ட ஒழுங்குமுறை இன்னும் நடப்பில் இருக்கிறது. மாநில அரசின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். கிடைத்ததும் இரண்டு பிரதி அச்சடித்துக்கொள்ளுங்கள். பாலுக்போங் சோதனைச் சாவடியில் கேட்பார்கள். போனில் காட்டிக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். மலையேறிய பிறகு சிக்னலையும் நம்ப முடியாது, சார்ஜையும் நம்ப முடியாது. அதே காரணத்துக்காகக் கையில் ரொக்கமும் வேண்டும்.

குவாஹாத்தியிலிருந்து தவாங் 450 கிலோமீட்டருக்கு மேல். தேஜ்பூர், பாலுக்போங், பொம்டிலா, திராங் என்று வழி. ஷேர் சுமோக்கள் விடியற்காலையில் கிளம்பிவிடும். முந்தின நாளே கவுன்டருக்குப் போய் முன் சீட்டைப் பிடியுங்கள். பின் வரிசையில் அந்த வளைவுகளைத் தாங்குவதற்குத் தனி வயிறு வேண்டும். ஒரே மூச்சில் போய்ச் சேர நினைக்காமல் திராங்கில் ஒரு ராத்திரி தங்குங்கள். அது ஏறக்குறைய 5,000 அடி, தவாங் 10,000 அடி. உடம்பு பழக அவகாசம் கிடைக்கும். ஆனால் இறங்கின உடனேயே மறுநாள் சுமோவுக்குச் சீட்டு பேசி வையுங்கள். வழியில் கை காட்டுகிறவருக்கு இடம் இருக்கும் என்று உத்தரவாதம் கிடையாது.

2024 மார்ச்சில் திராங்குக்கும் தவாங்குக்கும் நடுவில் சேலா சுரங்கப்பாதை திறந்த பிறகு பயணம் சுலபம்தான். ஆனால் சுரங்கத்துக்குள் போனால் மேலே கணவாயில் இருக்கும் சேலா ஏரி கண்ணில் படாது. ஷேர் வண்டி உங்களுக்காகச் சுற்றிப் போகாது. ஏரியைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் இந்த ஒரு பகுதிக்கு மட்டும் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து டாக்ஸி பிடியுங்கள். காசு கூடினாலும் தகும். அதே வண்டியில் ஜஸ்வந்த்கட்டிலும் நூரனாங் அருவியிலும் நிதானமாக நின்று பார்க்கலாம். ஜஸ்வந்த்கட், 1962 நவம்பரில் சீனப் போரில் உயிரைக் கொடுத்துச் சண்டையிட்ட கார்வால் ரைபிள்ஸ் வீரர் ஜஸ்வந்த் சிங் ராவத்தின் நினைவிடம். இன்றைக்கும் அவருக்குப் படுக்கை விரித்து, பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டு வைக்கிறார்கள். வருகிறவர்களுக்கு ராணுவத்தினர் சூடாக டீ தருவார்கள். அந்தக் குளிரில் வேண்டாம் என்று சொல்ல மனசு வராது.

தவாங்கில் அறையை மார்க்கெட் பக்கமாகவே எடுங்கள். டிசம்பரில் சாயங்காலம் நாலரைக்கெல்லாம் இருட்டத் தொடங்கும். கடைகளும் சீக்கிரம் சாத்திவிடுவார்கள். சாப்பாட்டுக்கு மேட்டில் தனியாக ஏறி இறங்கும் வேலை மிச்சம். ராத்திரி எட்டு மணிக்குத் தூங்கி, காலை ஐந்துக்கு எழுந்துவிடுங்கள். இந்த ஊரின் நாள் அப்படித்தான் ஓடுகிறது.

அந்த ஐந்து மணி எழுச்சிக்குக் கூலி தவாங் பௌத்த மடாலயத்தில் கிடைக்கும். 1680 வாக்கில் மேராக் லாமா கட்டியது, இந்தியாவிலேயே பெரியது. பத்து மணிக்கு மேல் போனால் செல்பிக் கூட்டம்தான். காலை வழிபாட்டு நேரத்தில் போங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, கூடத்தின் ஓரமாகச் சுவரை ஒட்டி உட்காருங்கள். வரிசையாகச் சின்னப் பிள்ளைகள் சிவப்பு அங்கியில் உட்கார்ந்திருப்பார்கள். ஓதும்போது ஒருவன் தூங்கி விழுவான், பக்கத்தில் இருப்பவன் முழங்கையால் இடிப்பான். பெரிய கெட்டிலோடு இன்னொருவன் வரிசை வரிசையாக வெண்ணெய் டீ ஊற்றிக்கொண்டே வருவான். அது உப்பு போட்டது. டீ என்று நினைக்காமல் சூப் என்று நினைத்துக் குடித்தால் இறங்கும். சுமார் 8 மீட்டர் உயர புத்தர் சிலையின் முகத்தை மாடியிலிருந்து நேருக்கு நேர் பார்க்கலாம். வளாகத்திலேயே இருக்கும் அருங்காட்சியகத்தையும் விடாதீர்கள்.

அங்கிருந்து இறங்கி உர்கெலிங் போங்கள். ஆறாவது தலாய் லாமா சாங்யாங் கியாட்ஸோ 1683இல் பிறந்த இடம். துறவு நெறியை உதறிவிட்டுக் காதல் பாட்டு எழுதியவர்! சின்னக் கோயில்தான், கூட்டம் கிடையாது. எனக்கு மடாலயத்தைவிட இதுதான் பிடித்தது. திரும்பும்போது ஏற்றம், 10,000 அடியில் மூச்சு வாங்கும், பேச்சுத் துணை இல்லாதது அப்போது நல்லதுதான்.

சாயங்காலத்துக்குப் போர் நினைவகம். 40 அடி உயர ஸ்தூபி, அதே 1962 போரில் காமெங் என்கிற இந்த வட்டாரத்தில் இறந்த 2,420 பேரின் பெயர்கள் கருங்கல்லில். ஒலி ஒளிக் காட்சிக்கு அரை மணி முன்னாலேயே போனால் பெயர்களை அவசரமில்லாமல் படிக்கலாம். குல்லாயும் கையுறையும் கட்டாயம், உட்காரும் இடம் சில்லிட்டுப் போயிருக்கும்.

வாங்குவதற்கு நான் சொல்வது ஒன்றே ஒன்று: மோன் ஷுகு என்கிற கைக்காகிதம். ஒரு புதரின் பட்டையிலிருந்து இந்த ஊர் மோன்பா மக்கள் செய்வது. மடாலயச் சுவடிகளுக்குப் பயன்பட்டது.

சாப்பாட்டில் சைவர்களுக்குப் பயமில்லை, வெஜ் துக்பா என்கிற நூடுல்ஸ் சூப்பும் மோமோவும் எங்கும் கிடைக்கும். ஸான் கேட்டுப் பாருங்கள், நம்ம கேழ்வரகுக் களி மாதிரியே இருக்கும். சுர்ரா என்கிற புளித்த சீஸ் போட்ட குழம்பை மட்டும் ஒரு கரண்டி ருசி பார்த்த பிறகு வாங்குங்கள். வாசனை எல்லாருக்கும் ஒத்துவராது.

சரி, பும்லா. தவாங்கிலிருந்து 37 கிலோமீட்டர். இந்தியக் குடிமக்களுக்கு மட்டும்தான் அனுமதி, அதற்கும் தனி பெர்மிட் வேண்டும். விடுதிக்காரரிடமோ டிரைவரிடமோ முந்தின நாளே ஆதார் நகல் கொடுத்துவிட்டால் வாங்கித் தருவார்கள். ஆள் சேர்க்க நல்ல வழி, ராத்திரி சாப்பாட்டு மேஜையில் வாயைத் திறந்து கேட்பது. நாலு சீட்டு வண்டியில் மூன்று பேராக வந்த குடும்பம் எப்போதும் ஒன்று இருக்கும். வந்த மறுநாளே போகாதீர்கள், ஒரு நாளாவது விட்டுப் போங்கள். தலைவலி, குமட்டல் வந்தால் வீம்பு பிடிக்காமல் கீழே இறங்கச் சொல்லுங்கள். வழியில் சங்கேட்சர் ஏரி வரும். 1950 நிலநடுக்கத்தில் உண்டானது, பட்டுப்போன மரங்கள் இன்னும் தண்ணீருக்குள் நிற்கின்றன. இந்திப் படத்தில் மாதுரி தீட்சித் ஆடியதால் எல்லா டிரைவருக்கும் அது மாதுரி லேக். என்னைக் கேட்டால் எல்லைக்கோட்டைவிட இங்கே அதிக நேரம் கேளுங்கள், வண்டி பேசும்போதே.

இன்னும் நாள் இருந்தால் எல்லையோரத்து ஸெமிதாங். 1959இல் இப்போதைய தலாய் லாமா இந்தியாவுக்குள் வந்த பாதை அது. நாள் இல்லையா, விட்டுவிடுங்கள். மழைக்காலத்தில் மண் சரியும், ஜனவரியில் பனி வழியை மறிக்கும். அக்டோபரும் நவம்பர் தொடக்கமும் வசதி. எப்போது போனாலும் குவாஹாத்தி விமானத்துக்கு முன்னால் ஒரு முழு நாளைச் சும்மா விட்டு வையுங்கள், திரும்பும் சுமோ சீட்டை இரண்டு நாள் முன்பே சொல்லி வையுங்கள்.