ஃபுளோரிடாவில் வீட்டுக் காப்பீடு: புயலுக்கு முன் படிக்க வேண்டிய ஒரு வரி

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் வீடு வைத்திருப்போர் தங்கள் பாலிசியின் முகப்புப் பக்கத்தில் 'ஹரிகேன் டிடக்டிபிள்' (புயல் சேதத்தில் உரிமையாளரே முதலில் ஏற்க வேண்டிய தொகை) என்ற வரியை இன்றே பார்த்துவிடுவது நல்லது. அதில் 2 சதவீதம் என்றிருந்தால், வீட்டின் காப்பீட்டு மதிப்பிலேயே அது கணக்கிடப்படும். 3,00,000 டாலருக்குக் காப்பீடு செய்த வீட்டின் கூரை ஓடுகள் பறந்து 5,000 டாலர் செலவானால், முதல் 6,000 டாலர் உரிமையாளரின் பொறுப்பு என்பதால் ஒரு டாலர்கூட வராது. பலர் இதைக் கூரை போன பிறகே அறிகிறார்கள். வெள்ளச் சேதம் பொதுவாக இந்தப் பாலிசியில் அடங்காது; மத்திய அரசின் வெள்ளக் காப்பீடும் பெரும்பாலும் வாங்கி 30 நாள் கழித்தே நடைமுறைக்கு வரும். 2022 டிசம்பர் சட்டத் திருத்தத்தின்படி, சேதத்தை ஓராண்டுக்குள் தெரிவிக்க வேண்டும். நிறுவனமும் பொதுவாக 60 நாட்களுக்குள் பணம் தரவோ மறுக்கவோ வேண்டும். தார்ப்பாய் போர்த்துமுன் சேதத்தைப் படமெடுத்து, தார்ப்பாய் வாங்கிய ரசீதையும் பத்திரப்படுத்துங்கள்.