ஸ்டீராய்டுக்கு அசையாத கண் நரம்பு வீக்கம்: அடுத்து என்ன பண்ணணும்?

தினம் 1 கிராம் மெத்தில்ப்ரெட்னிசலோன்ங்கற ஸ்டீராய்ட 3லேர்ந்து 5 நாள் டிரிப்ஸ்ல ஏத்தியும் பார்வை திரும்பலையா, தயவுசெஞ்சு வாரக்கணக்குல காத்துட்டு இருக்காதீங்க, நியூரோ டாக்டர்கிட்ட பிளாஸ்மா (ரத்தத்தோட திரவப் பகுதி) மாத்துற சிகிச்சைய பத்தி உடனே கேளுங்க, வழக்கமா ஒரு நாள் விட்டு ஒரு நாள் 5லேர்ந்து 7 தடவை செய்வாங்க, சீக்கிரம் ஆரம்பிச்சா பலன் ஜாஸ்தி.

அதுக்கு முன்னாடியே அக்வாபோரின்-4, மாக் (MOG) ஆன்டிபாடி டெஸ்டுக்கு (நம்ம உடம்பே நரம்ப தாக்குற எதிர்ப்புப் புரதம் ரத்தத்துல இருக்கான்னு பாக்குறது) ரத்தம் குடுத்துடணும், பிளாஸ்மா மாத்தினப்புறம் எடுத்தா தப்பா நெகட்டிவ்னு வரலாம், இங்கதான் கோட்டை விட்டுடுவோம். அக்வாபோரின் பாசிட்டிவ்னா திரும்ப வராம இருக்க ரிடுக்ஸிமாப் மாதிரி மருந்து தேவைப்படும், எம்எஸ் (மல்டிபிள் ஸ்க்லரோசிஸ்ங்கற வேற நரம்பு நோய்)னு நெனச்சு அதுக்கான இன்டர்ஃபெரான் மருந்து போட்டா மோசமாகலாம். டிபி, சிஃபிலிஸாலயும் கண் நரம்பு வீங்கலாம், அதுக்கும் டெஸ்ட் பாத்துடுங்க.

வீட்ல தினம் ஒரு கண்ண மூடி ஒரு சிவப்பு பாட்டில் மூடிய பாருங்க, அடுத்த கண்ணுக்கு அது வெளிறின செங்கல் கலரா தெரிஞ்சா குறிச்சு வச்சு டாக்டர்கிட்ட சொல்லுங்க.