முதல் கள மதிப்பீடு: எண்ண வேண்டியது குழாயையா, குடத்தையா?

ஆய்வு வேலைக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகளிடம் நிலைத்த வளர்ச்சி பற்றிக் கேட்டால், ஐ.நா. 2015இல் ஏற்ற 17 இலக்குகளையும் மூச்சுவிடாமல் ஒப்பித்துவிடுகிறார்கள். 'சரி, இந்த ஊரில் அது நடந்திருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பாய்?' என்று கேட்டால்தான் பேச்சு நிற்கிறது. அந்தப் பட்டியலில் ஆறாவது இலக்கு தண்ணீர். அதை வைத்தே ஒரு சின்ன மதிப்பீடு செய்து பார்ப்போம். 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் மிஷன் என்ற மத்திய அரசின் குடிநீர்த் திட்டத்தில் வீட்டுக் குழாய் போட்ட ஏதாவது ஒரு கிராமம் போதும். நோட்டு, செல்போன், ஒரு குடம், ஒரு லிட்டர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

'திட்டம் வெற்றியா?' என்று எழுதினால் எதை வேண்டுமானாலும் பதிலாகச் சொல்லலாம். இப்படி எழுதுங்கள்: 'இந்த ஊரில் எல்லா வீட்டுக்கும், கோடையிலும், தலைக்கு 55 லிட்டர் நல்ல தண்ணீர் தினமும் கிடைக்கிறதா?' இந்த 55 நான் வைத்த கணக்கு இல்லை, திட்டமே வைத்துக்கொண்டது. அதுவே ஓர் அளவுகோல் கொடுத்திருக்கும்போது நாம் வேறொன்றைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம்.

படி 2: சங்கிலியை வரையுங்கள்

பணம் குழாயாகிறது, குழாயில் தண்ணீர் வருகிறது, பெண்களுக்கு நேரம் மிச்சமாகிறது, நோய் குறைகிறது. பெரும்பாலான அறிக்கைகள் குழாயோடு நின்றுவிடும். நீங்கள் ஒவ்வொரு கண்ணியிலும் 'இது அறுந்தால் எதனால் அறும்?' என்று கேட்டு எழுதுங்கள். மோட்டார் எரியலாம், போர் வற்றலாம், ஒரு தெருவின் வால்வைத் திறக்காமலே விடலாம்.

படி 3: யாரிடம் கேட்பது?

இங்கேதான் புதியவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகப் போவோம். ஊரை நடந்து சுற்றி வீடுகளுக்கு நீங்களே எண் போடுங்கள். 240 வீடு இருக்கிறது, 30 வீட்டில் கேட்க வேண்டும் என்றால் எட்டுக்கு ஒன்று. 1 முதல் 8 வரை சீட்டுக் குலுக்குங்கள். 5 வந்தால் 5, 13, 21 என்று போய்க்கொண்டே இருங்கள். கூட வருகிறவர் 'இந்த வீட்டுல கேளுங்க, நல்லாப் பேசுவாங்க' என்பார். சிரித்துவிட்டு உங்கள் எண்ணுக்குப் போங்கள்.

மேல்நிலைத் தொட்டியிலிருந்து தள்ளி, மேட்டில் இருக்கும் கடைக்கோடித் தெருவைத் தனியாகக் கணக்கிடுங்கள். பல ஊர்களில் அது காலனித் தெருவாக இருக்கும். 24 வீட்டில் தலைக்கு 65 லிட்டர், கடைக்கோடியில் 6 வீட்டில் 25 லிட்டர் என்று வையுங்கள். மொத்தச் சராசரி 57. ஊர் பாஸ்! அந்த ஆறு வீடு சராசரிக்குள் மறைந்தே போகும்.

நேரமும் முக்கியம். என் முதல் களப்பணியில் காலை பதினொரு மணிக்குப் போய் நின்றேன். பெண்கள் எல்லாரும் நூறு நாள் வேலைக்குப் போயிருந்தார்கள். திண்ணையில் இருந்த தாத்தாக்கள் 'தண்ணிக்கு என்னப்பா குறை?' என்றார்கள். குடம் தூக்காதவருக்குக் குறை தெரியாது.

படி 4: கேளுங்கள், அப்புறம் அளந்து பாருங்கள்

'தண்ணீர் ஒழுங்கா வருதாம்மா?' என்றால் 'வருதுங்க' என்பதுதான் பதில். 'கடைசியா என்னைக்கு வந்துச்சு? எத்தனை குடம் பிடிச்சீங்க?' என்று கேளுங்கள். குடம் எத்தனை லிட்டர் என்று பாட்டிலால் ஊற்றிப் பாருங்கள். பிறகு குழாயடியில் வைத்து செல்போனில் நேரம் பாருங்கள்.

குடம் 15 லிட்டர், நிறைய இரண்டரை நிமிடம் என்றால் நிமிடத்துக்கு 6 லிட்டர், மணிக்கு 360. ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒரு மணி நேரம் விடுகிறார்கள் என்றால் நாளுக்கு 180. வீட்டில் ஐந்து பேர் என்றால் தலைக்கு 36. இதே வீடு பதிவேட்டில் 'குழாய் இணைப்பு உள்ளது' என்று மட்டும் இருக்கும்.

படி 5: பலன் திட்டத்தாலா, மழையாலா?

தமிழ்நாட்டில் 2016 வடகிழக்குப் பருவமழை பொய்த்தது, 2021இல் கொட்டித் தீர்த்தது. 2017 கோடையை 2022 கோடையோடு ஒப்பிட்டால் திட்டமே வராத ஊரும் தேறியதுபோலத் தெரியும். அதனால் இன்னும் குழாய் வராத பக்கத்து ஊரிலும் இதே கேள்விகளை, அதே வாரத்தில் கேளுங்கள்.

படி 6: 'நிலைத்த' என்பதைச் சோதியுங்கள்

மே மாதம் மறுபடி போங்கள். ஐப்பசியில் எல்லாக் குழாயும் நல்ல குழாய்தான். கரண்ட் பில் யார் கட்டுகிறார்கள், போன முறை மோட்டார் பழுதானபோது சரிசெய்ய எத்தனை நாள் ஆனது என்று டேங்க் ஆபரேட்டரிடம் விசாரியுங்கள். முன்னால் உட்கார்ந்து டீ குடித்தால் அதிகாரி சொல்லாததையும் சொல்லுவார்.

தரத்தை நாக்கு காட்டாது. தர்மபுரி, கிருஷ்ணகிரி போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பதால்தான் ஒகேனக்கல்லிலிருந்து காவிரியைக் கொண்டுவந்தார்கள். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை சரி, வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை. சோதனைப் பெட்டியை வைத்துப் பார்க்க ஊருக்கு ஐந்து பெண்களுக்குப் பயிற்சி தர வேண்டும் என்பது திட்டத்திலேயே உள்ளது. அவர்களைத் தேடிப் பிடித்து, கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்று நோட்டைக் காட்டச் சொல்லுங்கள்.

படி 7: அறிக்கைக்கு முன் ஊரில் வாசியுங்கள்

கண்டதை எளிய தமிழில் ஊர்க்கூட்டத்தில் வாசித்துக் காட்டுங்கள். யார் வீட்டில் எவ்வளவு என்று பெயர் வேண்டாம், தெருவாரியாகப் போதும். ஒரு முறை நான் பெருமையாக வாசித்து முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஓர் அக்கா எழுந்தார். 'தம்பி, நீங்க வரீங்கன்னு அன்னைக்கு மட்டும் ரெண்டு மணி நேரம் மோட்டார் ஓட்டுனாங்க' என்றார். அடுத்த வாரம் யாரிடமும் சொல்லாமல், குடத்தோடு மறுபடி பஸ் ஏறினேன்.