வாடகைக்கு விட ஃபிளாட் வாங்குகிறீர்களா? பணம் கரையும் இடங்கள் இவை

சென்னையில் வாடகை வருமானத்துக்காக முதல்முறை வீடு வாங்குபவர்கள் பலரும் புரோக்கர் போடும் கணக்கை நம்பியே டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். பழைய ஃபிளாட், விலை 70 லட்சம், வாடகை 18,000 என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 2.16 லட்சம், அதாவது 3.1 சதவீதம் என்பார். செலவு எதையும் கழிக்காத கணக்கு அது.

மறுவிற்பனை வீட்டுக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 6.3 லட்சம் அங்கேயே போய்விடும், அதையும் கைப்பணத்திலிருந்துதான் கட்ட வேண்டும். பெயின்ட், பிளம்பிங் முடிப்பதற்குள் அடக்கவிலை 78 லட்சத்தைத் தொடும். ஆண்டில் ஒரு மாதம் காலி என்றால் வாடகை 1.98 லட்சம். சொத்து வரி, காலி மாதத்து மெயின்டனன்ஸ், ஆள் மாறும்போது செய்யும் ரிப்பேர் எல்லாம் சேர்த்து 29,000 என்றால் மிஞ்சுவது 1.69 லட்சம். 2.2 சதவீதம்கூட இல்லை. விலையில் 80 சதவீதமான 56 லட்சத்தைக் கடனாக வாங்கினால், 8.5 சதவீத வட்டியில் 20 வருட இஎம்ஐ சுமார் 48,600. வாடகை போக மாதம் 30,000க்கு மேல் சம்பளத்திலிருந்துதான் போட வேண்டும். வட்டியைக் காட்டி வரி மிச்சம் பிடிக்கலாம் என்ற ஆலோசனையையும் சரிபாருங்கள்: புதிய வரி முறையில், வட்டி வாடகையைத் தாண்டுவதால் வரும் வீட்டு நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது, பழைய முறையிலும் ஆண்டுக்கு 2 லட்சம்தான் உச்சவரம்பு.

கட்டிடத்துக்கு வயதாக ஆக அதன் விலை தேயும். நிலைப்பது பத்திரத்தில் உங்கள் பெயருக்கு வரும் பிரிபடாத மனைப் பங்கு, அதாவது யூடிஎஸ். உள் அலங்காரத்தில் மயங்கி இதைக் கேட்காமல் விடுவதுதான் இருப்பதிலேயே விலை உயர்ந்த தவறு என்போம்.

சொத்தின் மீது பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றை 30 வருடத்துக்குப் போட்டுப் பார்த்தால் போதும் என்று நினைக்காதீர்கள். உயிலோ, பத்திரத்தில் கையெழுத்துப் போடாத வாரிசோ அதில் தெரியாது. விற்பவர் பழைய கடனை அடைத்திருந்தாலும் கடன் தீர்ந்ததைக் காட்டும் ரசீது ஆவணத்தைப் பதிவு செய்யாவிட்டால் அடமானம் வில்லங்கத்தில் அப்படியே நிற்கும். கிரயத்துக்கு முன்பே அதை முடிக்கச் சொல்லுங்கள். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் அதில் 1 சதவீதத்தை டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரியாகப் பிடித்து அரசுக்குக் கட்டுவது வாங்குபவர் பொறுப்பு. விற்பவர் வெளிநாட்டுவாசி என்றால் இந்த 1 சதவீதம் பொருந்தாது, பிடிக்க வேண்டியது அதைவிட மிக அதிகம். ஆடிட்டரைக் கேட்காமல் செக் எழுத வேண்டாம்.

இணையதளத்தில் போட்டிருக்கும் வாடகை, கேட்கும் வாடகைதான். உண்மையில் என்ன கிடைக்கிறது என்பதை அதே அபார்ட்மென்ட் வாட்ச்மேனிடம் விசாரியுங்கள்: எத்தனை வீடு காலி, எத்தனை மாதமாகக் காலி, மே மாதத்தில் தண்ணி லாரி எத்தனை முறை வந்தது. கோடையில் லாரித் தண்ணீர்ச் செலவு மெயின்டனன்ஸில் ஏறும், குடியிருப்பவர் அதைச் சேர்த்தே வாடகையைப் பேரம் பேசுவார். ஈபி இணைப்பை உடனே உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை பில் வருவதால், ஆள் காலி செய்யும் நாளில் மீட்டர் ரீடிங்கைப் படமெடுத்து, பாக்கியை அட்வான்ஸில் கழித்துவிட்டு மீதியைக் கொடுங்கள்.

ஒப்பந்தம் 11 மாதம்தானே, பதிவு எதற்கு என்ற பழக்கம் இன்னும் போகவில்லை. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், எத்தனை மாதமானாலும் வாடகை அதிகார அமைப்பில் பதிய வேண்டும். அட்வான்ஸும், வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாத வரை, மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது.

இஎம்ஐ இடிக்கும்போது சிலர் வீட்டை மாத வாடகை இல்லாத லீசுக்கு விட்டு, அதற்காக மொத்தமாக வாங்கிய 8 லட்சம், 10 லட்சத்தைக் கடனில் கட்டிவிடுகிறார்கள். கெடு முடிந்ததும் முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும், தராதவரை குடியிருப்பவர் சாவியைக் கொடுக்க மாட்டார். அந்தப் பணத்தை வங்கி வழியாக மட்டும் வாங்கி, லீஸ் முடியும் தேதிக்கு முதிரும்படி எஃப்டியில் போட்டு வையுங்கள்.