மனநல ஆலோசனை தேவையா என்று முடிவு செய்வது எப்படி

மனம் சோர்வதெல்லாம் நோயல்ல. அந்தச் சோர்வு எவ்வளவு காலம் நீடிக்கிறது, அன்றாட வாழ்வை எந்த அளவுக்குக் குலைக்கிறது என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். தாழ்ந்த மனநிலையோ, விரும்பிச் செய்தவற்றில் நாட்டமின்மையோ ஏறக்குறைய எல்லா நாள்களிலும், நாளின் பெரும்பகுதியும், 2 வாரங்களாகத் தொடர்ந்தால், மருத்துவர்கள் அதை மனச்சோர்வு நோயின் முக்கிய அறிகுறியாகக் கருதுகிறார்கள். எனவே தூக்கம், பசி, கவனம், பிறருடன் பழகும் விருப்பம் ஆகியவற்றை நாள்தோறும் ஓரிரு வரிகளில் குறித்து வாருங்கள். நினைவை மட்டும் நம்பினால், நல்ல நாளில் துன்பம் சிறிதாகவும் கெட்ட நாளில் பெரிதாகவும் தோன்றும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தால் மட்டும் எதற்கும் காத்திருக்காமல், நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் சொல்லி, உடனடியாக அவசர மருத்துவ உதவியை நாடுங்கள்.

மனச்சோர்வின் அளவை மதிப்பிடும் பிஎச்கியூ-9 (PHQ-9) என்ற 9 கேள்விப் படிவமும் உதவும்: 27க்கு 10 அல்லது அதற்கு மேல் மதிப்பெண் வந்தால் நிபுணரைச் சந்திப்பது நல்லது, எனினும் படிவம் மட்டுமே நோயை உறுதிசெய்யாது. தைராய்டு சுரப்புக் குறைவும் இதே போன்ற சோர்வைத் தரக்கூடும் என்பதால், உடற்பரிசோதனையையும் தவிர்க்காதீர்கள்.

“என்னைவிடத் துன்பப்படுவோர் இருக்கிறார்களே” என்று தள்ளிப்போடுவோர் பலர். பிறர் துயரம் உங்கள் தேவைக்கு அளவுகோல் ஆகாது என்பதே என் உறுதியான கருத்து. இழப்பு, மணமுறிவு, ஓயாத கவலை ஆகியவற்றுக்காகவும், நோய் என்ற பெயர் இல்லாமலே, ஆலோசனை பெறலாம். முதல் சந்திப்பு உங்களை எதற்கும் கட்டுப்படுத்தாது. சில அமர்வுகளுக்குப் பின்னும் மனம் திறந்து பேச இயலவில்லையெனில், ஆலோசகரை மாற்றிக்கொள்ளுங்கள்.